2147483647 பகா எண்ணுன்னு கையால நிரூபிச்சாங்களா?

2024 அக்டோபர் 23, இரவு 9.10 (கேள்வி)

அண்ணே, 4 கோடி இலக்கத்துல புதுசா ஒரு பகா எண் கண்டுபிடிச்சிருக்காங்கன்னு செய்தி ஓடுது. அது கம்ப்யூட்டர் வேலை, ஒத்துக்கிறேன். ஆனா 2147483647 பகா எண்ணுன்னு 1772-லேயே கணித மேதை ஆய்லர் காட்டிட்டாருன்னு சொல்றாங்க. அதோட வர்க்கமூலம் 46340 சொச்சம். அதுக்குக் கீழ பகா எண் மட்டும் 4792 இருக்கு, நான் புரோகிராம் போட்டு எண்ணினேன். 4792 தடவை உக்காந்து வகுத்தாராமா? எனக்கென்னவோ கட்டுக்கதை மாதிரி படுது.

அக்டோபர் 23, இரவு 11.40

கட்டுக்கதை இல்ல தம்பி. விளக்கம் நாளைக்கு. இந்த எண்ணைப் பாத்ததும் எனக்குப் பழைய வயித்தெரிச்சல் ஞாபகம் வந்துடுச்சு, முதல்ல அது.

பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு கடைக்கு வாடிக்கையாளர் பட்டியல் செஞ்சு கொடுத்தேன். மை எஸ்கியூஎல் தரவுத்தளம். செல்போன் நம்பரை சாதாரண இன்ட் (முழு எண்) பத்தியில போட்டுட்டேன். மறுநாள் கடைக்காரர் போன்: "ஏம்பா, அத்தனை பேருக்கும் ஒரே நம்பர் காட்டுதே?" போய்ப் பாத்தா 2147483647, 2147483647, 2147483647... பட்டியல் முழுக்க அதேதான். நம்ம ஊர் செல் நம்பர் எல்லாம் 6, 7, 8, 9-ல ஆரம்பிக்கும். இன்ட் பத்தி தாங்குற உச்சமே 2147483647. அதுக்கு மேல எது வந்தாலும் அந்தக் காலத்து அமைப்புல சத்தமில்லாம வெட்டி உச்சத்துல நிறுத்திடும். முன்னூறு சொச்சம் பேர் நம்பரைத் திரும்ப பில் கட்டைப் பாத்து நானே தட்டினேன்.

அமெரிக்காவுல இன்னும் கொடுமை. அங்க 214 டாலஸ் நகரத்தோட ஏரியா கோடு. அதனால 214-748-3647 நிஜ போன் நம்பர் மாதிரியே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

அது பகா எண்ணுங்கிற விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்.

அக்டோபர் 24, காலை 7.15

சரி, விஷயத்துக்கு.

2147483647-ங்கிறது 2^31 - 1. ரெண்டடிமானத்துல எழுதினா 31 ஒண்ணு வரிசையா நிக்கும், வேற ஒண்ணும் இருக்காது. இந்த உருவத்தை விட்டுட்டு வெறும் பத்து இலக்க எண்ணா பாத்தாதான் 4792 தடவை வகுக்கணும்.

ப-ங்கிற பகா எண் இதை மீதியில்லாம வகுக்குதுன்னு வச்சுக்கோ. 1-ல ஆரம்பிச்சு இரட்டிச்சுக்கிட்டே போ: 1, 2, 4, 8... ஒவ்வொரு தடவையும் ப-ஆல வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கோ. கடிகார முள் மாதிரி சுத்தி வரும். 2^31 - 1-ஐ ப வகுக்குதுன்னா 31-வது அடியில முள் திரும்ப 1-க்கு வந்து நிக்கும். 31 பகா எண், அதனால அதைவிடச் சின்ன வட்டம் கிடையாது. சின்ன வட்டம் இருந்தா அது 31-ஐ வகுக்கணுமே.

இதே கடிகாரம் ப - 1 அடியிலயும் 1-க்கு வந்தாகணும், அது கணித மேதை ஃபெர்மா சொன்னது. அப்போ ப - 1-ங்கிறது 31-ஓட மடங்கு. ப ஒத்தைப்படை, அதனால ப - 1 ரெட்டைப்படையும் கூட. ஆகமொத்தம் ப-வுக்கு ஒரே ஒரு உருவம்தான் சாத்தியம்: 62க + 1 (க ஏதோ ஒரு முழு எண்).

46340 வரைக்கும் 62க + 1-ன்னு 747 எண் இருக்கு. அதுலயும் பகா எண்ணை மட்டும் எடுத்தா போதும். 4792 எங்க, இது எங்க! ஆய்லர் வகுத்தது இவ்வளவுதான்.

அக்டோபர் 24, இரவு 10.30

காலையில எழுதின கடைசி வரி தப்பு. அவர் இன்னும் பாதியைக் கழிச்சுட்டார். ஆபீஸ்ல உக்காந்திருக்கும்போதுதான் உறைச்சுது.

ப-வோட கடிகாரத்துல 2^31-ம் 1-ம் ஒண்ணு. அப்போ 2^32-ம் 2-ம் ஒண்ணு. ஆனா 2^32-ங்கிறது 2^16-ஓட வர்க்கம். அதாவது இந்தக் கடிகாரத்துல 2 ஒரு முழு வர்க்கம். எந்தப் பகா எண்ணுக்கு 2 வர்க்கமா அமையும்னு ஒரு பழைய விதி இருக்கு: 8-ஆல வகுத்தா மீதி 1 அல்லது 7 வரணும். 3, 5 வந்தா வெளிய போ.

62க + 1-ஐ வரிசையா எடுத்து 8-ஆல வகுத்துப் பாரு. 63-க்கு மீதி 7, 125-க்கு 5, 187-க்கு 3, 249-க்கு 1, அப்புறம் திரும்ப 7, 5, 3, 1. நாலுல ரெண்டு அவுட். மிச்சம் நிக்கிறது 248க + 1, 248க + 63, இந்த ரெண்டே வரிசை.

46340 வரைக்கும் எண்ணினா 372 (63-ஐ விட்டுட்டேன், அது 7 × 9). இந்த 372-ல பகா எண்ணை மட்டும் பொறுக்கினா எண்பது சொச்சம்தான் தேறும்.

4792 எண்பதா சுருங்கிடுச்சு. இப்ப நம்புறியா?

அக்டோபர் 25

"எண்பது தடவை வகுக்கிறதும் மனுஷன் செய்யிற வேலையா"ன்னு தம்பி கேக்குறான். செஞ்சுதான் பாப்போமேன்னு நேத்து ராத்திரி ஒரு 80 பக்க நோட்டு எடுத்தேன். பையனோட கணக்கு நோட்டு, பின்பக்கம் காலியா கிடந்துச்சு.

அக்டோபர் 26, இரவு 12.50

முதல் உக்காரலோட கணக்கு.

வகுக்கிறதுக்கு முன்னாடி எது பகா எண்ணுன்னு சலிக்கணும். 249 = 3 × 83, போச்சு. 311 பகா எண். 497 = 7 × 71. 559 = 13 × 43, இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் திணறினேன். 745 அஞ்சுல முடியுது. 807 மூணால போகும். 993-ம் அப்படியே. 1055 அஞ்சு. 1241 = 17 × 73. 1303 பதிமூணு. 1489 பகா எண்.

அதாவது 1500 வரைக்கும் வகுக்க வேண்டியது ரெண்டே ரெண்டு: 311, 1489.

311: ஈவு 6905092, மீதி 35.
1489: ஈவு 1442232, மீதி 199.

ஒண்ணுக்கு நாலு நிமிஷம் ஆகுது. பெருக்கிச் சரிபாக்கிறதுக்கு இன்னொரு ரெண்டு நிமிஷம். எண்பது சொச்சத்துக்கு எட்டு மணி நேரம் போல வரும். ஒரு ஞாயித்துக்கிழமை வேலை, அவ்வளவுதான். கட்டுக்கதைன்னு சொன்ன தம்பி எங்க?

அக்டோபர் 26, காலை 9.00

ஒரு கணக்கு டீச்சர் வந்து காதைத் திருகிட்டுப் போயிருக்காங்க. 1303-ஐ 13-ஆல வகுத்தா மீதி 3 வருமாம். வருது. 1300-ஐப் பாத்த கண்ணு 1303-ஐப் பாக்கல, அடிச்சுட்டேன். 1303 நல்ல பகா எண். நிரூபணத்துல ஒண்ணை விட்டாலும் நிரூபணம் மொத்தமும் போச்சு, ஒருவேளை விட்டதுதான் வகுக்குற ஆளா இருந்தா?

வகுத்துட்டேன். ஈவு 1648107, மீதி 226. தப்பிச்சேன். நன்றி டீச்சர்.

இதுல ஒண்ணு புரிஞ்சுது. வகுக்கிறது பெரிய வேலையில்ல. எதால வகுக்கணும்னு பட்டியல் போடுறதுலதான் ஆள் சறுக்குறான். இத்தாலிக்காரர் கட்டால்டி 1588 வாக்குலயே 2^17 - 1, 2^19 - 1 ரெண்டும் பகா எண்ணுன்னு முழுசா வகுத்தே காட்டினார், அது சரி. கையோட 23, 29, 31, 37 அடுக்குகளும் அப்படித்தான்னு சொல்லிட்டார். அதுல 31 மட்டும்தான் தேறுச்சு. 2^23 - 1-ஐ 47 வகுக்குது, 2^37 - 1-ஐ 223 வகுக்குது, ரெண்டையும் ஃபெர்மா போட்டு உடைச்சார். 29-ஐ உடைச்சவர் ஆய்லர், 233-ஆல.

47-ஐப் பாரு: 2 × 23 + 1. 223 = 6 × 37 + 1. 233 = 8 × 29 + 1. எல்லாம் அதே உருவம்தான். விதி தெரிஞ்சவனுக்கு 47 முதல் முயற்சியிலேயே மாட்டும்.

அக்டோபர் 27, மதியம்

டீச்சர் திரும்ப வந்தாங்க. "எதுக்கு பத்து இலக்கத்தை வகுத்துக்கிட்டு இருக்கீங்க? இரட்டிச்சுட்டே போங்களேன்." நான் சொன்ன கடிகாரத்தை வச்சே என்னை அடிச்சுட்டாங்க.

311-க்குப் போட்டுப் பாத்தேன். 2^8 = 256, அது 311-க்கு 55 குறைவு, அதனால -55-ன்னு வச்சுக்கலாம். அதை வர்க்கப்படுத்தினா 3025, 311-ஆல வகுத்தா மீதி 226, அதாவது -85. இது 2^16. ரெண்டையும் பெருக்கினா 2^24: 85 × 55 = 4675, 311 × 15 = 4665, மீதி 10. வெறும் பத்து! இன்னும் ஏழு இரட்டிப்பு, 128: 1280. அதுல 1244 போனா 36. 1 வரல, 36 வந்துச்சு. அப்போ 2^31 - 1-க்கு மீதி 35. நோட்டுல இருக்கிறதும் 35.

நாலு வரி. கண்ணை மூடிக்கிட்டே செய்யலாம்.

கண்ணுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. 1772-ல ஆய்லருக்கு வயசு 65, பீட்டர்ஸ்பர்க்ல இருந்தார். ஒரு கண்ணு இளவயசுலயே போச்சு, இன்னொண்ணுல புரை. 1771-ல அறுவை செஞ்சும் கடைசியில அதுவும் கைவிட்டுடுச்சு. அந்த நிலைமையில பெர்னூலிக்கு எழுதின கடிதத்துலதான் இந்த எண் பகா எண்ணுன்னு சொல்றார், 248க + 1, 248க + 63 வரிசைகளோட. மனசுக்குள்ள போட்டாரா, உதவியாளர்களை வச்சு வகுக்கச் சொன்னாரான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். இந்த எண்பதுல பலதை மனசுக்குள்ளயே போட முடியும்ங்கிறதை மட்டும் சொல்றேன். எனக்கே 311 வந்துச்சே.

(1489-ஐ மனசுக்குள்ள போட்டேன். மூணு தடவை, மூணு விடை.)

நவம்பர் 2

பேச்சு வழி மாறி "இதனால என்ன பயன்"ல போய் நிக்குது. எதிர்பாத்ததுதான்.

1811-ல பார்லோன்னு ஒரு ஆங்கிலேயர் எண் கணிதப் புத்தகத்துல இந்த எண்ணைப் பத்தி எழுதினார்: தெரிஞ்சதுலயே பெரிய பகா எண் இதுதான், இதை வச்சுக் கிடைக்கிற நிறைவெண்ணைவிட (தன்னைவிடச் சின்ன வகுத்திகளைக் கூட்டினா தானே வர்ற எண்) பெரிய நிறைவெண்ணை யாரும் தேடப் போறதும் இல்ல, ஏன்னா அதெல்லாம் வெறும் வேடிக்கை, உபயோகம் கிடையாது. இப்படி ஒரு கருத்து. அப்போ இந்த எண் இன்னும் மகுடத்தோடதான் இருந்துச்சு. 1855-ல கிளாசன் 2^64 + 1-ஐ உடைச்சப்போ 67280421310721 விழுந்துச்சு, அதோட மகுடம் நிச்சயமா மாறிடுச்சு. எண்பது வருஷம் போல ஆட்சி.

ஒருத்தர் "பேங்க் பாஸ்வேர்டெல்லாம் இந்த மாதிரி பெரிய பகா எண்ல தானே இருக்கு, 4 கோடி இலக்க எண் கிடைச்சா பேங்குக்குத்தான் லாபம்"னு சொல்லியிருக்கார். இல்லைங்க. ஆர்எஸ்ஏங்கிற ரகசியக் குறியீட்டுப் பூட்டுக்கு வேணும்ங்கிறது 300 இலக்கத்துக்கு மேல உள்ள ரெண்டு பகா எண், அதுவும் யாருக்கும் தெரியாத ரெண்டு. பேப்பர்ல வந்த எண்ணை வச்சுப் பூட்டுப் போட்டா சாவியை வாசல்ல தொங்கவிட்ட மாதிரி. ஆனா ரகசியம் தேவைப்படாத இடத்துல மெர்சேன் எண் (2-ஓட அடுக்குல ஒண்ணு குறைச்ச எண்) வேலைக்கு வருது. 2^521 - 1-ஐ அடித்தளமா வச்ச, ரகசியக் குறியீட்டுக்கான நீள்வட்ட வளைவு ஒண்ணு நிஜமாவே புழக்கத்துல இருக்கு.

நம்ம 2147483647-ம் சும்மா இல்ல. 1988-ல பார்க், மில்லர் ரெண்டு பேரும் "குறைஞ்சபட்சம் இதையாவது பயன்படுத்துங்கப்பா"ன்னு கம்ப்யூட்டர்ல தாறுமாறான எண்களை உருவாக்க ஒரு குலுக்கல் முறை சொன்னாங்க. ஒரு எண்ணை எடு, 16807-ஆல பெருக்கு, 2147483647-ஆல வகுத்து மீதியை எடு. அதுதான் அடுத்த எண். திரும்பப் பெருக்கு. 1-ல ஆரம்பிச்சா பத்தாயிரமாவது அடியில 1043618065 வரும், உங்க நிரல் சரியான்னு பாக்க அதுதான் உரைகல். சி பிளஸ் பிளஸ் நிரல் மொழியில இன்னைக்கும் இருக்கு.

ஏன் 16807? 7^5. இதைத் தோண்டினப்போ கிடைச்சது அழகு. 2147483647-ல ஒண்ணைக் கழிச்சுக் காரணிப்படுத்துங்க:

2147483646 = 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331

7-ஐ மறுபடி மறுபடி பெருக்கிக்கிட்டே போனா, 1-ல இருந்து 2147483646 வரைக்கும் அத்தனை எண்ணையும் தொட்டுட்டுத்தான் திரும்ப 1-க்கு வரும். 2 அப்படி இல்ல, அது 31 அடியில வீட்டுக்கு வந்துடுற சோம்பேறி. 7-ஐ அஞ்சஞ்சு படியா தாண்டினாலும் எதுவும் விட்டுப்போகாது, ஏன்னா மேல உள்ள காரணிப் பட்டியல்ல 5 இல்ல. அதான் 7^5. மூணு மூணா தாண்டியிருந்தா, பட்டியல்ல 3 இருக்கே, மூணுல ஒரு பங்கு எண்ணை மட்டும்தான் தொட்டிருக்கும்.

எச்சரிக்கை: 0-ல மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க. 0-ஐ எதால பெருக்கினாலும் 0. ஒரு தேர்வுக்குக் கேள்விகளைக் கலைச்சுக் கொடுக்குற நிரல்ல விதையை (ஆரம்ப எண்ணை) 0-ன்னு வச்சு, வந்த எல்லாருக்கும் முதல் கேள்வியே திரும்பத் திரும்ப போனதைப் பாத்தவன் சொல்றேன். எழுதினவன் நான் இல்ல.

நவம்பர் 3

நான்தான்.

நவம்பர் 9

நோட்டு நிலவரம் கேட்டாங்க. பத்தொன்பதாவது எண்ணோட பேனாவை மூடிட்டேன். சோம்பல்னு சொல்லலாம், ஆனா காரணம் வேற. எண் பெருசாகப் பெருசாக சலிக்கிறதுதான் உயிரை எடுக்குது. 20000 தாண்டின ஒரு எண் பகா எண்ணான்னு பாக்க அதையே முப்பது நாப்பது தடவை வகுக்கணும். ஆய்லர் காலத்துல பகா எண் அட்டவணை அச்சுல இருந்துச்சு. எனக்கு இருக்குறது பையனோட நோட்டு. (அவன் வேற "அப்பா, என் நோட்டுல என்ன கிறுக்கி வச்சிருக்க"ன்னு ஆரம்பிச்சுட்டான்.)

மிச்சத்தை ஆறு வரி நிரல்ல விட்டேன். கண் இமைக்கிறதுக்குள்ள முடிஞ்சுது. எதுக்கும் மீதி 0 வரல. நாலு மணி நேரம் நோட்டுல போட்டதைவிட இது ஒண்ணும் அதிகமா சொல்லல, ஆனாலும் ஒரு சப்புன்னு போன உணர்வு.

நவம்பர் 10

தம்பியோட புதுக் கேள்வி: "31-ஏ 2^5 - 1 தானே. 31-ஐ அடுக்குல வச்சா இந்த எண். அப்போ இந்த எண்ணையே அடுக்குல வச்சா? 2^2147483647 - 1 பகா எண்ணா?"

நல்லாத்தான் கேக்குறான். அந்த எண்ணுக்கு 64 கோடி இலக்கத்துக்கு மேல. எழுதிப் பாக்கவே ஒரு லாரி பேப்பர் வேணும். ஆனா ஆய்லர் சல்லடை அங்கயும் அப்படியே வேலை செய்யும்: வகுக்கிற பகா எண் 2 × 2147483647 × க + 1 உருவத்துலதான் இருக்கணும். க = 68745 வரும்போது மாட்டுது: 295257526626031. பெருக்கிப் பாத்துட்டேன், சரியா வருது. பதினஞ்சு இலக்கத்துல ஒரு எண், 64 கோடி இலக்க எண்ணை மீதியில்லாம வகுக்குது. அதனால அது பகா எண் இல்ல.

நவம்பர் 17

இவ்வளவு நேரம் வகுத்தலைப் பத்தியே பேசினோம். 4 கோடி இலக்க எண்ணுக்கு வகுத்தல் ஆகவே ஆகாது, எண்பதா சுருக்கினாலும் கோடி கோடியா சுருக்கினாலும். அங்க வேற ஆயுதம்.

1876-ல லூகா, அப்புறம் 1930-கள்ல லேமர்னு ரெண்டு கணிதக்காரங்க செதுக்கினது. 4-ல ஆரம்பி. வர்க்கப்படுத்து, 2 கழி, சோதிக்கிற எண்ணால வகுத்து மீதியை வை. திரும்ப அதே. அடுக்கு 31-ன்னா 29 தடவை. கடைசியில 0 வந்தா பகா எண். வரலன்னா இல்ல. அவ்வளவுதான், நிஜமாவே அவ்வளவுதான்.

2^5 - 1 = 31-க்கு: 4, 14, 194-ஓட மீதி 8, அப்புறம் 62, மீதி 0. ஆச்சு.

127-க்கு: 4, 14, 67, 42, 111, 0. ஆச்சு.

2^11 - 1 = 2047-க்கு: ஒன்பது அடி போட்டேன், 1736-ல போய் நின்னுச்சு. 0 இல்ல. அது 23 × 89-ங்கிறது நமக்குத் தெரியும், ஆனா சோதனை அந்தக் காரணியைச் சொல்லவே இல்ல, "பகா எண் இல்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கிச்சு. இதுதான் எனக்கு முதல்ல ஜீரணமாகல. திருடன் வீட்டுக்குள்ள இருக்கான்னு உறுதியா தெரியும், முகம் தெரியாது. 2^67 - 1 அப்படித்தான் கிடந்துச்சு. மெர்சேன் 1644-ல போட்ட பட்டியல்ல பகா எண்ணுன்னு இருந்துச்சு, லூகா 1876-ல இல்லன்னு சொன்னார், காரணி கிடைச்சது 1903-ல. கோல்ங்கிறவர் போட்டார்: 193707721 × 761838257287. ஞாயித்துக்கிழமைகளா மூணு வருஷம் ஆச்சாம். நான் நாலு மணி நேரத்துக்கு அலுத்துக்கிட்டேன்.

லூகா அதே முறையால 2^127 - 1 பகா எண்ணுன்னு காட்டினார், 39 இலக்கம். இப்ப வந்த 2^136279841 - 1-க்கும் கடைசி முத்திரை இதே வர்க்கப்படுத்து, ரெண்டு கழி-தான். 13 கோடியே 62 லட்சம் தடவை, ஒவ்வொரு தடவையும் 4 கோடி இலக்கம். கண்டுபிடிச்ச லூக் டுராண்ட் பல நாடுகள்ல வரைகலை அட்டைகளை (ஜிபியு) வாடகைக்கு எடுத்து ஓடவிட்டார். எண் 41,024,320 இலக்கம்.

நவம்பர் 18

டீச்சருக்கு: ஆமா, 2^31 - 1-க்கு லூகா சோதனையைக் கையால போட ஆரம்பிச்சிருக்கேன். இல்ல, எனக்கு வேற வேலை இருக்கு. 4, 14, 194, 37634, 1416317954. இது வரைக்கும் சுகம். அடுத்த வர்க்கம் 2005956546822746116. ரெண்டைக் கழிச்சு வகுக்கணும். 2^31-ஆல வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டினா போதும், நம்ம எண் 2^31-க்கு ஒண்ணுதானே குறைச்சல். ஒன்பதால வகுபடுமான்னு பாக்க இலக்கங்களைக் கூட்டுறோமே, அதே சூட்சுமம். ஈவு 934096307, மீதி 1883058178, கூட்டினா 2817154485, அதுல நம்ம எண்ணை ஒரு தடவை கழிச்சா 669670838.

அஞ்சாவது அடி முடிஞ்சுது. இன்னும் 24. மாட்டேன்.

2025 ஜனவரி 19

இன்னையில இருந்து சரியா 13 வருஷம். 2038 ஜனவரி 19, நம்ம நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி. 1970 தொடக்கத்துல இருந்து எண்ணினா 2147483647 விநாடி முடியுற நேரம். பழைய 32 பிட் கடிகாரங்கள் அடுத்த விநாடி 1901-க்குத் தாவும். அன்னைக்கு யாராவது இந்த இழையைத் தேடி வருவீங்கன்னு நினைக்கிறேன்.

இன்னொண்ணு. அந்த 24 அடியை நிரல்ல ஓடவிட்டு வரிசையா அச்சடிச்சேன். எல்லாம் அர்த்தமில்லாத பத்து இலக்கக் குப்பை மாதிரி ஓடிக்கிட்டே வந்து, கடைசி ரெண்டு வரி மட்டும் இப்படி:

65536
0

65536-ஐப் பாத்ததும் சிரிப்பு வந்துடுச்சு. 2^16. கம்ப்யூட்டர்ல கை வச்ச யாருக்கும் பழகின முகம். குப்பைக்கு நடுவுல இது எப்படி வந்துச்சுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். விடை அக்டோபர் 24 ராத்திரி நானே எழுதினதுல இருக்கு. கடைசியில 0 வரணும்னா அதுக்கு முந்தின எண்ணோட வர்க்கம் 2 ஆகணும். இந்தக் கடிகாரத்துல 2-ம் 2^32-ம் ஒண்ணு. அப்போ அந்த எண் 2^16 ஆகத்தான் இருக்கணும், இல்லன்னா அதோட கழித்தல் குறி வடிவம். மூணாவது வழியே கிடையாது. 31-க்கு கடைசிக்கு முன்னால 8 வந்துச்சே, 2^3. 127-க்கு 111, அது -16. மேல போய்ப் பாருங்க.

1772-ல ஆய்லர் பாதி எண்களைக் கழிச்சுத் தள்ளினதும் இந்த 2^16-ஓட வர்க்கத்தை வச்சுத்தான்.